ஃபைபர் பூசிய ஆட்டுக் கொட்டகை

எர்ணாவூர்,
புதன்கிழமை

அன்பு மகன் சாவியோவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பஹ்ரைனில் நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலையில் ஒரு கீறலும் படாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் தனியாகக் கூப்பிட்டால் நீ சாரத்தின் மேல் நிற்கிறாய், திரும்ப நீ கூப்பிடும்போது போன் அவர் கையில் இருக்கிறது. டைப் பண்ண எனக்கு வராது, வாய்ஸ் மெசேஜ் என்றால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும், வெளியே போய்ப் பேசி அனுப்பினாலும் உன் பதில் அவர் கையில்தான் ஒலிக்கும். அதனால் பக்கத்து வீட்டு ஜன்னத் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் மகன் யாசின் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பஹ்ரைனுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுவேன். கூடவே வஞ்சிரக் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் வரும், யாசின் வழியிலேயே பிரித்துவிடாமல் இருந்தால்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கை ஆன்சி வண்ணாரப்பேட்டையில் அதே துணிக்கடையில்தான் இருக்கிறாள், தீபாவளிக் கூட்டத்தில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது, இப்போது பரவாயில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் இடம் பிடித்து உட்கார்ந்து போகலாம் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். மழை ஐப்பசி பிறந்ததும் பிடித்தது, விட்டபாடில்லை. தெருமுனையில் சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி முழங்கால் வரை நிற்கிறது, துணி காயவில்லை, தீப்பெட்டி கூட நமுத்துப்போய்க் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புயல் கரைக்கு வரலாம் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது சாவியோ, அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஆட்டுக் கொட்டகையே ஆடுகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. இந்த மழையில் இரண்டு குட்டிகள் போய்விட்டன. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு கருப்பாக ஒன்றை வீடியோவில் காட்டினோமே, அதுவும் அதன்கூடப் பிறந்ததும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருக்கும் நான்கு பெட்டைகளும் இருமுகின்றன, மூக்கில் சளி ஒழுகுகிறது, நிறைசினையாக இருக்கும் ஸ்டெல்லா தழையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம், அந்தக் கொட்டகைக்குள் அவள் குட்டி போட்டால் அந்தக் குட்டியும் தங்காது.

ஆடுதானே, போனால் போகிறது என்று நீ நினைப்பாய். ஆடு மட்டும் என்றால் நானும் நாலு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். காசிமேட்டில் படகின் மேலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பிறகு உன் அப்பா கிடந்த கிடையை நீ பார்க்கவில்லை, அப்போதுதான் நீ அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாய், போனில் நாங்களும் மறைத்தோம். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இனிமேல் படகில் ஏறி ஃபைபர் ஒட்டும் வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னதும் வாயை மூடியவர் ஒரு வருஷம் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். கோயிலுக்கு வரமாட்டார், ஃபாதர் வீடு தேடி வந்தபோதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஜன்னத் அக்கா ஒரு சினை ஆட்டைக் கொண்டுவந்து நம் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் போன அன்றுதான், "ஏய் ஜானட்டு, இதுக்குத் தண்ணி வெச்சியா இல்லியா" என்று ஒரு குரல் கேட்டது. அடுப்படியில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை, தான் ஒட்டிய படகுகளின் பெயர்களை எல்லாம் ஆடுகளுக்கு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு தெருவையே இரண்டாக்கினார். இந்த ஆடுகளும் போய்விட்டால் மனிதர் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார், இந்த முறை திரும்பினால் என்னால் மீட்க முடியாது.

கொட்டகையில் என்ன தவறு என்றால், போன வருஷ மழையில் தரை கீழிருந்து ஊறியது. நம் மனையில் ஒரு முழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர்தான். ஹாலோ பிளாக் சுவரில் உப்புப் பூத்துக் கை வைத்தால் மாவாக உதிர்ந்தது, ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. ஜன்னத் அக்கா வீட்டில் கல் அடுக்கி அதன்மேல் இடைவெளி விட்டுப் பலகை அடித்துப் பரண் மாதிரி போட்டு ஆடுகளை ஏற்றிவிட்டார்கள், பக்கமெல்லாம் திறந்தே கிடக்கும். அதைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். "நடுக்கடல்லயே தண்ணி உள்ள வராம பண்ணவன் நானு, எனக்குப் பரணா" என்றார். இந்த வருஷம் ஆடி முடிந்ததும் ரெசின் பசையும் பாய் மாதிரி விரிக்கும் ஃபைபர் மேட்டும் வாங்கிவந்து தரை, சுவர் எல்லாவற்றையும் உள்பக்கம் படகு மாதிரியே ஒட்டிவிட்டார். சாரலும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் உள்ளே வருகிறது என்று சுவருக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் மூன்று பக்கம் அடைத்தார், வாசலுக்கு மேலே மட்டும்தான் கொஞ்சம் பாக்கி. கடைசியில் படகைச் சோதிப்பது போலத் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கோ, ஒரு சொட்டு எறங்கல" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு சூப்பர்ப்பா, இதை அப்படியே கடலில் விடலாம் என்றாய், அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் திரிந்தார். ஊற்றிய தண்ணீர் கீழே போகாது என்றால் ஆடு விட்ட மூத்திரம் மட்டும் எங்கே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்தனையோ வருஷம் ஓட்டையை அடைத்தே பழகிய கை, தண்ணீர் போக ஒரு ஓட்டை விட வேண்டும் என்று அதற்கு எப்படித் தோன்றும்?

மழை பிடித்ததும் கதவையும் சாத்தினோம். காலையில் கதவைத் திறந்தால் சுவர் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், கூரையிலிருந்து சொட்டு, வைக்கோல் நசநசவென்று. ஜன்னத் அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஜானட்டு இது, உள்ள போனா கண்ணு எரியுது, வாயில்லாத ஜீவன் எப்படித்தான் கீதோ" என்றார். இரண்டாவது குட்டியும் செத்த அன்று நான் உன் அப்பாவிடம் சொல்லாமல் கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஆடு எங்கே படுக்கிறது என்றார். கொட்டகையைப் பற்றிப் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன், சொல்லச் சொல்ல எனக்கே தவறு புரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய் ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள் என்றார். வந்து குனிந்தேன். அம்மாடி, தலைக்குள் ஊசி ஏறியது போல இருந்தது. நின்றுகொண்டு தழை போடும்போது நமக்குத் தெரியவில்லை, கீழே அந்த நெடியில்தான் அவை இரவு பகலாக மூக்கை வைத்துக்கொண்டு கிடக்கின்றன.

அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன். பூச்சுதான் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது, கொஞ்சம் திறந்துவிடலாம் என்றேன். முகம் கறுத்துவிட்டது. "மயத் தண்ணி எங்கியோ ஊசி ஓட்டைல உள்ள வருது, இன்னொரு கோட்டு அடிச்சா நின்னுபூடும்" என்றார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "எங்கைல ஒட்டுனது ஆட்டைக் கொல்லுதுன்னு எங்கிட்டயே சொல்றியா" என்று கேட்டார், கத்தவில்லை, மெதுவாகக் கேட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். நான் அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது ரெசினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், சனிக்கிழமை வருமாம். வந்ததும் சுவருக்கு இன்னொரு பூச்சு, வாசலுக்கு மேலே பாக்கி இருக்கும் இடுக்கும் அடைப்பு, புயலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று குதிக்கிறார். யாசின் வெள்ளிக்கிழமையே உன்னைப் பார்த்துவிடுவான். நீ அன்றைக்கே போன் போட்டு எப்படியாவது நிறுத்து. அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, தவறு என்றும் சொல்லாதே, நீயாக யோசித்தது போலச் சொல். நீ சொன்னால் கேட்பார், நான் சொன்னால் ஊசி ஓட்டை என்பார்.

வியாழக்கிழமை, மாலை

சாவியோ, மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், பிறகு நீயும் தெரிந்துகொள்ளட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். ரெசின் சனிக்கிழமை வரவில்லை, இன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. நான் மீன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவர் மழைக்கு மறைப்பாக மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, டப்பாவில் ரெசினை ஊற்றி ஹார்டனரும் கலந்துவிட்டார். கலந்துவிட்டால் அது காத்திருக்காது என்று உனக்குத் தெரியும், இறுகுவதற்குள் பூசியாக வேண்டும். ஆடுகளை வெளியே கட்டக் கூட இல்லை, மழையில் நனையும் என்று உள்ளேயே விட்டிருந்தார், இன்றைக்கு வாசலுக்கு மேலே வெளியிலிருந்து ஒட்டினால் போதுமாம். ஃபைபர் மேட்டை வெட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மீன் கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

"ஏய் ஜானட்டு, இன்னா வெளாட்டு இது, தெறடி" என்று கதவைத் தட்டினார். நான் ஸ்டெல்லா பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டு, "உள்ள ஒண்ணியும் இல்ல, நல்லாத்தான் கீதுன்ன இல்ல, அப்ப நானும் ஆட்டோட ஆடா இங்கயே கீறேன், நீ அடைச்சிக்கோ" என்றேன். ரெசின் இறுகுது, வெளியே வா என்றார். இறுகட்டும் என்றேன். பைத்தியம் புடிச்சிகிச்சா ஒனக்கு என்றார். பிடித்துவிட்டது என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது, பிறகு இருமல் வந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, தொண்டை எரிகிறது, புடவை முழுக்க நனைந்துபோய் நாற்றம். வீறாப்பாக உள்ளே போய்விட்டேனே தவிர, இவர் போடி என்று அடைத்துவிட்டுப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? என் இருமலைக் கேட்டதும் வெளியே சத்தம் நின்றுவிட்டது. ஸ்டெல்லாவும் இருமினாள், நானும் இருமினேன், மாறி மாறி. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "தெற ஜானட்டு, நானும் வரேன்" என்று குரல் கேட்டது.

திறந்தேன். குனிந்து உள்ளே வந்து, அந்த இடுப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அவர் உள்ளே நின்றிருக்கிறார், உட்கார முடியாததால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணும் கலங்கியது, துடைத்துக்கொண்டார், மறுபடியும் கலங்கியது. அப்போதும் விடவில்லை, பிடிவாதத்தைப் பார், சுவரைத் தடவிக்கொண்டு ஓட்டையைத் தேடினார். படகில் தண்ணீர் நின்றால் அது கசிந்து வந்த கடல் தண்ணீரா, மேலே விழுந்த மழைத் தண்ணீரா என்று இவர்கள் நாக்கில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள், நீ சின்ன வயதில் அதைச் செய்துகாட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அதே மாதிரி சுவரில் மேலே கையெட்டும் இடத்தில் ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். தரையிலிருந்து ஏறினாலும் சரி, அந்த உப்புப் பூத்த பிளாக் வழியாக மழை இறங்கினாலும் சரி, உப்பு கரிக்க வேண்டும். இன்னொரு சொட்டை எடுத்தார். எதிர்ச் சுவரில் என்னை எடுக்கச் சொல்லி என் விரலையும் பிடித்து இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. "வெளிய இருந்து வரல ஜானட்டு, இதுங்க வுட்ட மூச்சுதான் சுவத்துல தண்ணியா நிக்குது" என்றார். ஸ்டெல்லாவின் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, "படவு மூச்சு வுடாது. நான் இத்தினி வருசம் மூச்சு வுடாததுக்கே வேலை செஞ்சிகினு இருந்துட்டேன்" என்றார். "அந்தக் குட்டிங்க ரெண்டும்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உன் அப்பா அழுதார் சாவியோ. இடுப்பு உடைந்தபோது கூட அழாத மனிதர். நானும் அழுதேன், எது நெடிக்கு வந்த கண்ணீர், எது மனசுக்கு வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

வெளியே வந்தபோது டப்பாவில் ரெசின் சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டிருந்தது. அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போனார். இதோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடப் போகிறார் என்று பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஃபைபர் அறுக்கும் கை கிரைண்டரை எடுத்தார். "மூஞ்சிக்குத் துணி குடு, சாக்பீஸ் கீதா பாரு" என்றார். ஆடுகளை வெளியே கொண்டுவந்தோம். தான் ஒட்டியதில் தானே கோடு போட்டார். முதல் வெட்டுக்கு கிரைண்டரை வைத்துவிட்டு எடுத்துவிட்டார், மறுபடி வைத்தார், எடுத்துவிட்டார். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை அறுத்தார்.

நான்கு பக்கமும் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்துவிட்டார். காக்கையும் நாயும் வராமல் இருக்க அங்கே பழைய வலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார், சாரல் அடிக்காமல் இருக்கக் கூரையை வெளிப்பக்கம் நீட்டப் போகிறாராம். தரையில் மூலையில் ஓட்டை போட்டு வெளியே குழாய் விட்டாயிற்று, அந்தப் பக்கமாகச் சரிவு கொடுக்கச் சிமெண்ட் குழைத்து வைத்திருக்கிறார். கீழே அவர் போட்ட பூச்சு வீணில்லை, தரையிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறாது, அதை நான் நாலு தடவை சத்தமாகச் சொன்னேன், கேட்டும் கேட்காதது போல இருந்தார். யாசினின் அப்பா கமாலுதீன் அண்ணன் கன்டெய்னர் யார்டில் இருக்கிறார் இல்லையா, சரக்கு அடுக்கிக் கழித்துப்போட்ட மரப் பேலட்டுகளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார், அதைத் தரைக்கு மேலே அடுக்கினால் பரண். "இன்னா வால்டரு, கடைசில பரணுக்கே வந்துட்ட" என்று கிண்டல் பண்ணினார். உன் அப்பா, "வந்துட்டேம்பா" என்றார், அவ்வளவுதான்.

சிமெண்ட் காயும் வரை ஆடுகள் நம் முன்னறையில்தான். ஆன்சி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னத் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ஊசி போட்டோம், மற்ற மூன்றும் தழை கடிக்கின்றன. ஸ்டெல்லா கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாள், இருமல் நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் புயலைத் தாண்டுவாளா, குட்டி தங்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. நீயும் அவளுக்காக ஒரு ஜெபம் சொல், ஆட்டுக்கு ஜெபமா என்று கேட்காதே. நீ கூப்பிடும்போது கொட்டகையைப் பற்றி ஒன்றும் தெரியாதது போலவே பேசு, அவராகச் சொல்லட்டும், சொன்னால் குறுக்கே பேசாமல் கேள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா என்னைத் தேடிக்கொண்டு ஜன்னத் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நான் சொல்றத எழுது" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் ரூம்ல எத்தினி பேரு கீறாங்கோ? ஜன்னல் கீதா? ஏசி கீது ஏசி கீதுன்னு சொல்லுவான், அத்த வுடு, தெறக்கற ஜன்னல் கீதா, காத்து வெளிய போவ வயி கீதான்னு கேளு. காலைல எய்ந்ததும் சுவத்தக் கையால தொட்டுப் பாக்க சொல்லு."

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். குளிர் வந்துவிட்டது என்று ரூமை இழுத்து மூடிக்கொண்டு படுக்காதே. தொட்டுப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல், எங்களுக்காக ஒன்றையும் மறைக்காதே, அப்பா உன் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வா. ஜானட்